மதுரை வெயிலுக்கு ஏற்ற மணக்கும் ஆர்கிட்

மல்லிகைக்குப் போடும் செம்மண்ணில் ஆர்கிட் நட்டால் வேர் அழுகிவிடும். மரத்தில் ஒட்டி வளரும் செடி இது. வேருக்குக் காற்று வேண்டும். கரித்துண்டு, ஓட்டுச்சில், தேங்காய் மட்டைத் துண்டுகள் போதும்.

குளிர்ப்பகுதி வகைகளை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். நம் சமவெளி மரங்களில் தானாகவே வளரும் வாண்டா டெசலேட்டாவின் கலப்பினங்கள் வெப்பம் தாங்கும். எல்லாமே மணக்காது, பூத்த செடியாகப் பார்த்து, முகர்ந்து வாங்குங்கள்.

50 சதவீத நிழல்வலையின் கீழ் தொங்கவிடவும். கோடையில் தினமும் காலையில் வேரை நனைக்கவும். வெளிறிய வேர் பச்சையானால் நீர் போதும். குருத்தில் நீர் தேங்கினால் அழுகும். உப்பு கலந்த போர் தண்ணீர் வேர் நுனியைக் கருக்கிவிடும், மழைநீரே சிறந்தது. இலை கரும்பச்சையாக இருந்தும் பூக்கவில்லை என்றால் வெளிச்சக் குறைவுதான் காரணம், உரத்தைக் கூட்டாதீர்கள்.