ரயில் போச்சு, பாதை இருக்கு! சிங்கப்பூரில் 24 கி.மீ. பசுமை சைக்கிள் வழித்தடம் உருவானது எப்படி?

சிங்கப்பூர் என்றதும் வானுயர்ந்த கட்டடங்கள்தான் பலருக்கும் ஞாபகத்துக்கு வரும். ஆனால், அதே ஊரில் தெற்கே தஞ்சோங் பகாரில் இருந்து வடக்கே கிராஞ்சி வரை சுமார் 24 கி.மீ. தூரத்துக்கு ஒரு பச்சைப் பாதை போகிறது. பெயர், ரயில் காரிடார். இன்று நடப்பவர்களும் சைக்கிள் ஓட்டுபவர்களும் போய்வரும் இந்தத் தடத்தில், 2011 வரை ஓடியது மலேசிய ரயில்!

நிலத்துக்கு இவ்வளவு பஞ்சமுள்ள நாட்டில், இவ்வளவு நீளமான இடத்தில் வீடோ சாலையோ கட்டாமல் விட்டது ஏன்? பார்க்கலாம்.

சிங்கப்பூருக்குள் மலேசிய ரயிலா?

ஆமாம். ஆங்கிலேயர் காலத்தில், 1903ல் சிங்கப்பூரில் ரயில் ஓடத் தொடங்கியது. 1918ல் இந்த ரயில்வே மலாயா நிர்வாகத்தின் கைக்குப் போனது. 1932ல் தடம் மாற்றி அமைக்கப்பட்டு, தஞ்சோங் பகாரில் பெரிய ரயில் நிலையமும் திறக்கப்பட்டது.

1965ல் சிங்கப்பூர் தனி நாடானது. நாடு பிரிந்தாலும் தண்டவாளமும் அதன் கீழிருந்த நிலமும் மலேசிய ரயில்வே வசமே இருந்தன. விளைவு, ஒரு நாட்டின் நடுவே இன்னொரு நாட்டின் ரயில்பாதை!

1998ல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை எல்லையோரமுள்ள உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியாவோ தஞ்சோங் பகாரிலேயே சோதனையைத் தொடர்ந்தது. அதனால் பயணிகள் முதலில் மலேசியாவுக்குள் நுழைவதற்கான சோதனையை முடித்துவிட்டு, அதன் பிறகுதான் சிங்கப்பூரை விட்டு வெளியேறும் சோதனைக்குப் போனார்கள். கேட்கவே விசித்திரமாக இருக்கிறது இல்லையா?

1990லேயே இதற்கு ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. ஆனால், அதை எப்படி நிறைவேற்றுவது என்பதில் இழுபறி. கடைசியில் 2010ல் இரு நாட்டுப் பிரதமர்களும் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகாரில் இருந்து கடைசி ரயில் கிளம்பியது. அதை ஓட்டிச் சென்றவர் ஜோகூர் சுல்தான். மறுநாள் நிலம் சிங்கப்பூர் வசம் வந்தது.

துண்டு போடாமல் விட்டது ஏன்?

இங்கேதான் கதையின் முக்கியமான கட்டம். ரயில் நிற்பதற்கு முன்பே, 2010ல், சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் ஒரு யோசனையை முன்வைத்தது. தடத்தை அப்படியே பசுமைப் பாதையாக வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் அது. பொதுமக்களும் ஆர்வலர்களும் இதற்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார்கள்.

காரணம் எளிது. ரயில்வே நிலம் அகலம் குறைவு, நீளம் அதிகம். அதன் மதிப்பே இடையில் அறுபடாமல் இருப்பதில்தான். நடுவில் ஒரே ஒரு இடத்தில் கட்டடம் எழுப்பினாலும் பாதை இரண்டாகிவிடும். அதன் பிறகு மறுபடியும் இணைக்க வேண்டுமென்றால், வீடுகளை இடிக்க வேண்டும் அல்லது சுற்றிப் போக வேண்டும். பறவை, விலங்குகளுக்கும் இதே நிலைமைதான். ஒரு காட்டுத் துண்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக அவற்றுக்கும் விடுபடாத பச்சை வேண்டும்.

அதற்காக அந்த நிலம் சும்மா கிடக்கிறது என்றும் சொல்ல முடியாது. தெற்குப் பகுதியில் சுமார் 11 கி.மீ. நீளத்துக்குப் பாதைக்கு அடியில் பெரிய குடிநீர்க் குழாய் பதிக்கப்பட்டிருக்கிறது. மேலே சைக்கிள், கீழே தண்ணீர்!

சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு வசதி?

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் ஓடும்போது பிடிமானம் குறைவு. அதனால் ரயிலால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது. எனவே, ரயில்பாதை போடும்போது மேட்டை வெட்டுவார்கள், பள்ளத்தில் மண் கொட்டி உயர்த்துவார்கள். திருப்பங்களையும் மெதுவாக வளைப்பார்கள்.

அன்று ரயிலுக்காகச் செய்த வேலை இன்று சைக்கிளுக்குப் பயன்படுகிறது. சிங்கப்பூரின் மிக உயரமான மலையான புக்கிட் தீமா (சுமார் 163 மீட்டர்) ஓரமாகவே பாதை போகிறது. ஆனாலும் மூச்சு வாங்க மிதிக்க வேண்டிய ஏற்றம் இல்லை. அதனால்தான் குழந்தைகளும் வயதானவர்களும்கூட தைரியமாக வர முடிகிறது.

என்னென்ன பார்க்கலாம்?

* புக்கிட் தீமா பகுதியில் சாலைகளுக்கு மேலே நிற்கும் இரண்டு பழைய இரும்புப் பாலங்கள். பெரும்பாலான தண்டவாளங்கள் அகற்றப்பட்டாலும் இவை அப்படியே விடப்பட்டன.
* புக்கிட் தீமா ரயில் நிலையம். செங்கல் கட்டடமான இது புதுப்பிக்கப்பட்டு, 2022ல் மக்களுக்காகத் திறக்கப்பட்டது.
* குவீன்ஸ்டவுன் பக்கம் பாதைக்கு அருகிலேயே உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் கோயில். ரயில்வேயில் வேலை பார்த்த தொழிலாளர்கள் 1930களில் தண்டவாளத்தின் ஓரம் வைத்து வழிபட்ட சிறிய கோயில்தான் பிறகு இந்தப் பெரிய கோயிலாக வளர்ந்தது. ரயில் போய்விட்டது, முனீஸ்வரன் இருக்கிறார்!

போவதற்கு முன் இதைக் கவனிங்க

* கட்டணம் கிடையாது. ஆனால் இது சைக்கிளுக்கு மட்டுமான பாதை இல்லை. நடப்பவர்களுக்கே முன்னுரிமை. பின்னால் வரும்போது மணி அடித்து, வேகத்தைக் குறைத்துக் கடக்க வேண்டும்.
* பழைய இரும்புப் பாலங்களில் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதே முறை.
* பல இடங்களில் தார் கிடையாது. மழை பெய்தால் சேறாகலாம். மெல்லிய டயர் உள்ள ரேஸ் சைக்கிளை விட அகலமான டயர் நல்லது.
* குரங்குகளுக்குச் சாப்பாடு போடாதீங்க. சிங்கப்பூரில் காட்டு விலங்குகளுக்கு உணவளிப்பது சட்டப்படி குற்றம், அபராதம் உண்டு.
* 24 கி.மீ.யையும் ஒரே நாளில் முடிக்கணும் என்று அவசியமில்லை. பாதையை ஒட்டிப் பல இடங்களில் மெட்ரோ நிலையங்கள் இருப்பதால் வேண்டிய இடத்தில் ஏறி, இறங்கிக்கொள்ளலாம்.

மற்ற ஊர்களுக்கு என்ன பாடம்?

ரயில் நின்ற பிறகு பாதையை அழகுபடுத்த எத்தனை வருஷம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரே பத்து வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு பகுதி பகுதியாகத்தான் செய்தது. ஆனால், நிலத்தைத் துண்டு போடாமல் வைத்திருக்கும் முடிவை மட்டும் உடனே எடுத்தாக வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால், பிறகு சைக்கிள் விடப் பாதையே மிஞ்சாது.