மலைச்சரிவில் உருளைக்கிழங்குச் செய்கையும் மண் காப்பும்

வெலிமடைப் பகுதியில் உருளைக்கிழங்கு சிறுபோகத்தில் நெல்வயல்களிலும், பெரும்போகத்தில் மேட்டுநிலங்களிலும் நடப்படுகின்றது. வயல்கள் படிப்படியாக வரம்பிடப்பட்டிருத்தலின் அங்கு மண் இழப்புக் குறைவு. மேட்டுநிலமோ சரிவானது, பெருமழை தொடங்குங் காலத்திலேயே அது கொத்திப் புரட்டப்பட்டு வெறுமையாகக் கிடக்கின்றது.

இந்நிலங்களிற் பலர் சால்களை மேலிருந்து கீழாக அமைக்கின்றனர். நீர் தேங்கினாற் கிழங்கு அழுகுமென்பது அவர்கள் கூறுங் காரணம். அவ்வச்சம் வீணன்று. ஆயினும் அவ்வாறமைந்த ஒவ்வொரு சாலும் மழையில் ஓர் ஓடையாகி, மேன்மண்ணையும் விலைகொடுத்து வாங்கிய பசளையையும் அடித்துச் செல்லும். அம்மண் கீழேயுள்ள வயல் வாய்க்கால்களைத் தூர்த்து, எஞ்சியது உமா ஓயா வழியே மகாவலியைச் சேர்ந்து ரந்தம்பே நீர்த்தேக்கத்திற் படிகின்றது.

ஆகவே சால்கள் சரிவுக்குக் குறுக்காக, சிறிதே சாய்வுடன் அமைதல் வேண்டும். கண்மதிப்பு மலையில் எளிதில் ஏமாற்றும், கருவியொன்று தேவை. சமநீளமான இரு தடிகளின் தலைகளைச் சேர்த்துக் கட்டி, கால்களை ஆறடி அகற்றி, இடையிற் குறுக்குத் தடியொன்றைப் பொருத்துக. உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுக. நூல் குறுக்குத் தடியைத் தொடுமிடத்தைக் குறித்து, கால்களை இடம் மாற்றி மீண்டுங் குறிக்க வேண்டும். இரு குறிகளுக்கும் நடுவே நூல் நிற்பின் இரு கால்களும் ஒரே மட்டத்தில் உள்ளன. பின்னர் ஒரு காலின் அடியில் அரை அங்குலத் தடிப்புள்ள பலகைத் துண்டை ஆணியடித்துப் பொருத்துக. அக்கால் எப்போதும் முன்செல்லுமாறு வைத்து, நூல் நடுக்குறியில் நிற்குமிடந்தோறும் முளையடித்துச் சென்றால், 144 அடிக்கு ஓரடி இறங்குங் கோடு கிடைக்கும். அக்கோட்டில் நீர் வடியும், ஆனால் விரைந்தோடாது.

சால்களின் நீரை ஏற்கும் வடிகான்களும் இதே சாய்வில் வெட்டப்படுதல் நன்று. கானினுள் இடையிடையே மண் தடுப்புக்களை விட்டால், அடித்துவரப்படும் மண் அங்கே தங்கும். தடுப்பு கானின் கரையிலும் தாழ்ந்திருத்தல் அவசியம்; இல்லையேல் நீர் கரையை உடைத்துப் புதியதோர் ஓடையை உண்டாக்கும். தங்கிய மண்ணை வாரி மேற்பாத்தியில் இடுக. கானின் கரையில் வெட்டிவேர் நெருக்கமாக நடலாம். முடிவில் நீர் விழுமிடத்துக்குக் கல் பரப்புதலோ புல் வளர்த்தலோ போதுமானது.

கான் வேலை முழுவதும் ஐப்பசி மழைக்கு முன்னர் முடிக்கப்படல் வேண்டும். புதிதாக வெட்டிய கானை முதற் பெருமழை பெய்த மறுநாளே சென்று பார்த்து, உடைந்த இடங்களைச் செப்பனிடுக.