பூங்காவில் படுத்திருப்பவர் யார்?

சித்திரைத் திருவிழா இரவுகளில் மதுரையில் எங்கே துண்டை விரித்தாலும் யாரும் தட்டி எழுப்புவதில்லை. அழகரைப் பார்க்க மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமிருந்து வரும் சனம் தல்லாகுளத்திலும் தமுக்கம் மைதானத்தைச் சுற்றியும் வைகைக் கரையிலும் குடும்பம் குடும்பமாகப் படுத்திருக்கும். திருவிழா முடிந்ததும் அதே ஊரில் பூங்கா பெஞ்சில் ஒரு முதியவர் கண்ணயர்ந்தால், 'பூங்கா கெட்டுப்போச்சு' என்று மாநகராட்சிக்குப் புகார் போகிறது.

புகார் சொல்பவரைக் கல்நெஞ்சக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. பேத்தியை ஊஞ்சலாட்டக் கூட்டிவரும் பாட்டிக்கு, செடிகளுக்கிடையே கிடக்கும் பாட்டில் சில்லும் மூத்திர நாற்றமும் நிஜமான தொல்லை. ஆனால் அந்த பாட்டிலை உடைத்தவரும் பெஞ்சில் படுத்திருப்பவரும் ஒரே ஆள்தானா என்று யாரும் கேட்பதில்லை.

பூங்கா கெடுவதற்கு ஒரு வரிசை உண்டு. இடம் ஒதுக்க விதி இருக்கிறது: தமிழ்நாட்டில் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கவேண்டும். சட்டமும் இருக்கிறது; பூங்காக்களையும் விளையாட்டிடங்களையும் காப்பதற்கென்றே 1959இல் ஒன்று இயற்றப்பட்டது. கட்டுவதற்குப் பணமும் வருகிறது. 2015இல் தொடங்கிய 'அம்ருத்' திட்டம் பூங்காக்களுக்கென்றே ஒரு பங்கு வைத்திருந்தது. 2016 செப்டம்பரில் மதுரை ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. பணம் வராத இடம் பராமரிப்பு. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு வைக்கத் திட்டத்தில் வழியுண்டு. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் காயில் எரிந்துபோனால் மாற்றுவதற்கு மாநகராட்சியின் சொந்தக் கஜானாதான்.

மோட்டார் ஓடாவிட்டால் மதுரை வெயிலில் புல் ஒரு கோடையைத் தாண்டாது. தண்ணீர் இல்லாத கழிப்பறையைப் பூட்டுவார்கள். பெண்களும் குழந்தைகளும் முதலில் விலகுவார்கள். விளக்கு எரியாது, காவலாளியை நிறுத்திவிடுவார்கள், சுற்றுச்சுவரில் ஓட்டை விழும், டாஸ்மாக் கூட்டம் அந்த வழியாக வரும். வீடற்றவர் இந்த வரிசையின் கடைசியில்தான் வந்து சேருகிறார். பழி மட்டும் அவருக்கு முதலில் போகிறது.

யார் அவர்? 'பிச்சைக்காரர்கள்' என்று ஒரே சொல்லில் முடிப்பது வசதி. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் விடிய விடிய மூட்டை இறக்கிவிட்டுப் பகலில் நிழல் தேடும் சுமைதூக்கும் தொழிலாளிக்குக் கிராமத்தில் வீடு இருக்கும். இங்கே அறை எடுத்தால் கூலியில் பாதி போய்விடும். பிள்ளைகள் கைவிட்ட முதியவர்கள் உண்டு. மனநலம் குன்றி அலைபவர்கள் உண்டு. அவர்களைப் பாதுகாப்பில் எடுத்துச் சிகிச்சைக்குச் சேர்ப்பது காவல்துறையின் கடமை என்று 2017 மனநலச் சட்டத்தின் 100ஆம் பிரிவு சொல்கிறது. அரசு ராஜாஜி மருத்துவமனைக்குத் தென்மாவட்டங்களிலிருந்து நோயாளியைக் கூட்டிவந்து, வார்டுக்குள் இடமில்லாமல் வெளியே படுப்பவர்களும் உண்டு. படுக்கிற விதத்திலேயே பழக்கம் தெரியும். பழகியவர் அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, செருப்பைத் துணிப்பைக்குள் போட்டு அதையே தலைக்கு வைத்துக்கொள்வார். காலையில் செருப்பு இருக்கவேண்டுமே! புதிதாக வந்தவர் உட்கார்ந்தபடியே தூங்குவார்.

பழைய மதுரை இதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருந்தது: சத்திரம். ராணி மங்கம்மாளின் பெயர் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு சத்திரத்தில் இன்றும் நிற்கிறது. மீனாட்சியம்மன் கோயில் அருகே இருந்த குன்னத்தூர் சத்திரம் வேறு வழியில் போனது. பழுதடைந்த கட்டடம் போய், ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் வணிக வளாகமாக எழும்பி, கோயில் எதிரே உள்ள புதுமண்டபத்துக் கடைகள் அங்கே மாறின. புதுமண்டபம் கடைகளிலிருந்து விடுபட்டது நல்ல காரியம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோயிலை ஒட்டிய ஜான்சிராணி பூங்காவும் அதே திட்டத்தில் பாரம்பரியக் கடைவீதி ஆனது. சத்திரத்தின் இடத்தில் கடை, பூங்காவின் இடத்திலும் கடை. காசில்லாமல் ஒருவர் உட்காரவும் படுக்கவும் இருந்த இடங்கள் இப்படி ஒவ்வொன்றாகச் சுருங்கியதற்கும் மிச்சமிருக்கும் பூங்காவில் நடக்கும் தகராறுக்கும் தொடர்பில்லை என்று சொல்வது கடினம்.

சட்டம் யார் பக்கம்? இரு தரப்பும் தங்களுக்குச் சாதகமாகக் காட்டுவது, பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அளித்த 'ஓல்கா டெல்லிஸ்' தீர்ப்பை. அந்த வழக்கில் நமக்கு நெருக்கமான ஒரு கதை இருக்கிறது. மனுதாரர்களில் ஒருவர் சேலத்துக்காரர், நிலமற்ற கூலித் தொழிலாளி. பஞ்சத்தில் வேலை போய் 1961இல் பம்பாய்க்குப் போனவர். 1981 ஜூலையில் நடைபாதைவாசிகளை அவரவர் ஊருக்கே அனுப்பிவிட மகாராஷ்டிர அரசு முடிவெடுத்தபோது, அவரையும் குடும்பத்தையும் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் மகள்களும் ஊரில் தங்கினார்கள். அவர் வேலை தேடிப் பம்பாய்க்கே திரும்பி மறுபடியும் நடைபாதையில் குடியேறினார். விரட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சியம் கிடைப்பது அரிது.

வாழ்வுரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது நீதிமன்றம். அதே தீர்ப்பு, பொதுப் பயன்பாட்டுக்கான இடத்தில் குடியேற யாருக்கும் உரிமை இல்லை என்றும் சொன்னது. அகற்றலாம், ஆனால் முன்னறிவிப்பு தரவேண்டும். மழைக்காலம் முடியும்வரை பொறுக்கவேண்டும். ஆக, பூங்காவில் நிரந்தரமாகத் தங்க இந்தத் தீர்ப்பு இடம் தரவில்லை. நள்ளிரவில் லத்தியால் எழுப்பவும் தரவில்லை. வேறிடம் எங்கே என்பதற்கான பதில் பிற்பாடு வந்தது. 2010இல் உணவுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் இரவுக் காப்பகங்களை வலியுறுத்தியது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதி, ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு 100 பேர் தங்கும் காப்பகம் என்றது. தலைக்கு 50 சதுர அடி, ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும். 2011 கணக்கெடுப்பில் மதுரை நகரின் மக்கள்தொகை 10,17,865. அந்தப் பழைய கணக்கிலேயே பார்த்தாலும் சுமார் ஆயிரம் பேருக்கு இடம் வேண்டும்.

அதே கணக்கெடுப்பு 2011 பிப்ரவரி 28 இரவில் வீடற்றவர்களை எண்ணி, நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர் என்றது. மார்க்கெட்டில் மூட்டையின் கீழ் நின்றவர் அந்த எண்ணிக்கையில் சேர்ந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். காப்பகம் இருந்தும் ஆள் வராததன் காரணமும் இந்த இரவு வேலையில்தான் இருக்கிறது. ரயில் நிலையம், பஸ் நிலையம், சந்தை பக்கத்தில் கட்டுங்கள் என்று வாழ்வாதார இயக்கத்தின் விதியே சொன்னது. ஊருக்கு வெளியே கட்டி, இரவு ஒன்பது மணிக்குக் கதவடைத்து, கணவன் ஒரு கட்டடம் மனைவி ஒரு கட்டடம் என்று பிரித்தால், மூன்று மணிக்கு லாரி இறக்கும் ஆள் எப்படி வருவார்?

கெட்டுப்போன பூங்காவை மீட்பது எப்படி? நியூயார்க்கில் 1988இல் இதே சிக்கலுக்கு இரண்டு விடைகள் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தன. டாம்ப்கின்ஸ் சதுக்கப் பூங்காவை இரவில் மூட முயன்றதும் ஆகஸ்டில் கலவரம் வெடித்தது. அதே ஆண்டு மூடிய பிரையன்ட் பூங்கா 1992இல் திறந்தபோது, உயரமான செடிவேலி குறைந்திருந்தது. நகர்த்தி உட்காரும் நாற்காலி, சிற்றுண்டிக் கடை, சுத்தமான கழிப்பறை எல்லாம் வந்திருந்தன. இதற்குப் பின்னால் இருந்த நகர்ப்புற ஆய்வாளர் வில்லியம் எச். வைட், பிடிக்காதவர்களை விரட்டுவதற்குச் செய்யும் வேலைகளே இடத்தைப் பாழாக்குகின்றன என்ற கருத்துடையவர். பெஞ்சின் நடுவே இரும்புக் கைப்பிடி வைத்தால் வீடற்றவர் படுக்கமாட்டார், சரி. முழங்கால் வலிக்கும் பாட்டியும் கால் நீட்டமாட்டார். ஆனாலும் பிரையன்ட் பூங்கா வீடற்றவருக்கு ஒரு கட்டில் கூடத் தரவில்லை. பூங்காவை மட்டும் திருத்தினால் அவ்வளவுதான் கிடைக்கும்.

மதுரைக்கு வேண்டியது பெரிய திட்டம் அல்ல. அடுத்த பூங்காவுக்கு ஒப்பந்தப்புள்ளி கோரும்போது ஐந்தாண்டு மோட்டார் பராமரிப்பும் காவலாளி சம்பளமும் அதற்குள்ளேயே சேரட்டும். கழிப்பறைக் கதவு பூங்காவின் உள்ளே ஒன்று, தெருப்பக்கம் ஒன்று என இருந்தால், பூங்கா மூடியபிறகும் தெருவில் இருப்பவருக்கு வழி உண்டு. காப்பகங்களில் முதலாவதை ராஜாஜி மருத்துவமனையை ஒட்டித் தொடங்கலாம்; சென்னை மாநகராட்சி அரசு மருத்துவமனைகளின் அருகே நோயாளியின் உடனிருப்போருக்கென்றே காப்பகங்கள் நடத்துகிறது. அடுத்தது மாட்டுத்தாவணியில், பகலிலும் படுக்க இடம் தரும் காப்பகமாக இருக்கவேண்டும்.