வீட்டிலே கணினி பூட்டுவோர்க்கு

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழர்க்கு ஐப்பசி மாதத்து மாலைப்பொழுதைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. மலையாளத்தார் இம்மாதத்தைத் துலாம் என்பர். காலையில் வெயில் கொளுத்தும்; நண்பகல் கழிந்ததும் கிழக்கே மலைப்பக்கம் கருக்கும்; சிறிது நேரத்தில் இடியும் மின்னலுமாக வானம் இரண்டுபடும். பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை விழிப்புடன் இருக்குமாறும், இடி கேட்டால் மின்கருவிகளின் இணைப்பைக் கழற்றிவிடுமாறும் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்தி வருகிறது.

கணினிக்கு உறுப்புகள் வாங்குவதைப் பற்றிப் பேச வந்தவர் மழையைப் பற்றிப் பேசுவானேன் என்று நேயர்கள் வினவலாம். காரணம் உண்டு.

நமது தமையனாரின் மகன் பொறியியல் பயிலும்பொருட்டு நாகர்கோவிலிலிருந்து வந்து நம் இல்லத்தில் தங்கியிருக்கிறான். மாலைதோறும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஈராண்டுகளாகச் சேர்த்த பணத்தில், விளையாட்டுக்கென்று ஒரு கணினியைத் தானே பூட்டினான். கையிருப்பில் பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டுக்கே போயிற்று. கண்ணாடிப் பக்கமும் வண்ண விளக்குகளும் கொண்ட கேபினெட்டுக்கு மேலும் ஒரு பங்கு. எஞ்சிய சிறு தொகைக்குக் கடைக்காரர் ஏதோ ஒரு பவர் சப்ளையைக் கொடுத்தனுப்பினார். ஐப்பசியில் ஒரு மாலை பேரிடி ஒன்று விழுந்தது, வீட்டு விளக்குகள் ஒருமுறை மினுங்கின, கணினி அணைந்தது. பிறகு அது எழவேயில்லை. பவர் சப்ளை தான் போனதோடு நில்லாமல் மதர்போர்டையும் உடன் அழைத்துச் சென்றுவிட்டது.

"சித்தப்பா, அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றான் பையன்.

மதினியாருக்குக் கணினி விளையாட்டு என்றாலே கசப்பு. நமக்கும் அதில் ஈடுபாடு கிடையாது. ஆயினும் ஒன்றைக் கவனித்திருக்கிறோம். பகல் முழுவதும் மலையாளமும் ஆங்கிலமும் பேசிவிட்டு வரும் அவன், இரவு ஒன்பது மணிக்குக் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு ஊரிலுள்ள அத்தைமகன், மாமன்மகன்களோடு சேர்ந்து விளையாடும்போது, அவ்வறையில் ஒரு மணி நேரம் நாகர்கோவில் தமிழ் ஒலிக்கும். வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்ப்போர் அதன் அருமையை அறிவர். ஆதலின் இரண்டாம் முறை வாங்கச் சென்றபோது நாமும் உடன் சென்றோம்.

அலுவலகத்தில் 'வரைகலை அட்டை' என்றும் 'மின்வழங்கி' என்றும் மொழிபெயர்ப்பதே நமது பிழைப்பு. கடையில் அவ்வாறு கேட்டால் ஒருவருக்கும் விளங்காது. எனவே இங்கும் கடைவழக்கையே ஆள்கிறோம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது திரை. படத்தைத் திரையில் புள்ளி புள்ளியாக வரைவதே கிராபிக்ஸ் கார்டின் வேலை. அகலம் 1920, உயரம் 1080 என்னும் அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள் உள்ளன. 2560-க்கு 1440 என்றால் 36.9 லட்சம், 'நான்கு கே' எனப்படும் திரையிலோ 83 லட்சம். சிறிய திரையை வைத்துக்கொண்டு பெரிய கார்டு வாங்குவது, இருவர் உண்ணும் வீட்டுக்குக் கல்யாண அண்டா வாங்குவதை ஒக்கும். பையன் விளையாடும் ஆட்டங்களுக்கு முதல் அளவே போதும். பிழைத்துக் கிடந்த பழைய கார்டே, அதாவது என்விடியா நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆர்.டி.எக்ஸ். 4060, அதற்குத் தாராளம்.

பிராசஸர், மதர்போர்டு, ராம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துவனவா என்று பார்த்தே வாங்கல் வேண்டும். டி.டி.ஆர். 4 வகை ராம் டி.டி.ஆர். 5 பலகையில் நுழையாது. வெட்டுவாய் இடம் மாறியிருக்கும். ஒரே பெரிய ராமைவிட அதே அளவை இரண்டாகப் பிரித்து இணையாகப் போடுவது வேகம் தரும். இவையெல்லாம் எந்தக் கடையிலும் சொல்லித் தருவார்கள்.

கடையில் சொல்லித் தராதது பவர் சப்ளையின் சீட்டைப் படிக்கும் முறை. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருவது அதன் தொழில். கார்டும் பிராசஸரும் பெரும்பாலும் 12 வோல்ட்டையே உண்டு வாழ்வன. எரிந்துபோன பெட்டியின் சீட்டைப் பிறகு எடுத்துப் படித்தோம். மேலே பெரிய எழுத்தில் 450 வாட். கீழே சிறிய எழுத்தில் 12 வோல்ட், 18 ஆம்பியர். 12-ஐ 18-ஆல் பெருக்கினால் 216 வாட்தான்! கார்டுக்கு 115 வாட். 65 வாட் என்று பெயர்பெற்ற ரைசன் 5 7600 பிராசஸர் முழுமூச்சாக உழைக்கையில் 88 வாட் வரை இழுக்கும். மற்றவற்றுக்கு ஒரு 50. ஆக, 250 வாட்டுக்கு மேற்பட்ட சுமையை அப்பெட்டி நாள்தோறும் சுமந்திருக்கிறது. இடி அதனை முடித்துவைத்தது, அவ்வளவே.

இம்முறை 12 வோல்ட்டிலேயே ஏறக்குறைய முழு 550 வாட்டும் தரக்கூடிய, ஐந்தாண்டுக்குக் குறையாத உத்தரவாதமுள்ள பெட்டியாகத் தேர்ந்தோம். '80 பிளஸ்' என்னும் முத்திரையைக் கண்டு மயங்க வேண்டா. 2004-இல் தோன்றிய அம்முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கே சான்று, காவலுக்கு அன்று. இதற்கு வேண்டிய பணம் எங்கிருந்து வந்தது? கண்ணாடிக் கேபினெட்டைத் தெரிந்தவரிடம் விற்றுவிட்டு, முகப்பில் வலை பொருத்திய எளிய கேபினெட்டை வாங்கினோம். கடற்காற்றும் புழுக்கமும் மிகுந்த இவ்வூரில் காற்றோட்டமே அழகு.

இன்னும் ஒன்று எஞ்சியிருந்தது. பழைய கேபினெட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் சிற்றெறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்று பையன் முன்பே சொல்லியிருந்தான், நாம்தான் பொருட்படுத்தவில்லை. அது எர்த் இல்லை என்பதன் அறிகுறி. வயர்மேனை அழைத்துப் பார்த்தபோது, மூன்று துளை பிளக்கின் மூன்றாம் துளை எதனோடும் இணைக்கப்படாமல் சுவருக்குள் வெறுமனே நின்றது. வாடகை வீடுகளில் இது புதுமையன்று. எர்த் இல்லாவிடில் மின்னெழுச்சியைத் தடுப்பதாகச் சொல்லி விற்கப்படும் பலகைகள் தம் வேலையைச் செவ்வனே செய்ய இயலா. வீட்டு உரிமையாளரிடம் இருமுறை சென்று பேசி எர்த்தைச் சரிசெய்தோம். கணினிக்குச் செலவிட்டவற்றுள் மிகக் குறைந்த தொகை அதுவே.

அருகில் விழும் இடிக்கு எர்த்தும் ஈடுகொடாது. பிளக்கைக் கழற்றுவதொன்றே வழி. இந்நகரில் 1943-இல் திருவாங்கூர் வானொலி நிலையம் தொடங்கிய காலத்து ரேடியோப் பெட்டிகளை நினைவுகூரும் முதியோர், இடி கேட்டதும் ஏரியலைக் கழற்றிய வழக்கத்தையும் நினைவுகூரக்கூடும். இன்று ஏரியலின் இடத்தில் இணையக் கம்பி. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. ஆனால் ரூட்டரிலிருந்து கணினிக்கு வரும் செப்புக்கம்பியில் பாயும். பிளக்கைக் கழற்றுவோர் இதனையும் கழற்ற மறத்தலாகாது.

முதற் கணினி எரிந்த செய்தியைப் பையன் தன் தாயாரிடம் தானே சொல்லிவிட்டான். இப்பொழுது மதினியார் வானொலியில் வானிலை கேட்டுவிட்டு, மழை வரும் நாட்களில் பிற்பகலே தொலைபேசியில் அழைக்கிறார்: "பிளக்கைப் பிடுங்கிவிட்டாயா?"