குழந்தைகளின் வலிப்பு நோயும் சுண்டெலி ஆராய்ச்சியும்

குழந்தைப் பருவத்தில் தோன்றும் வலிப்புகள் யாவும் ஒரே நோயைச் சார்ந்தவை அல்ல. காய்ச்சலின்போது ஓரிரு முறை வலிப்புக் கண்டு, பின்னர் அத்தொல்லையே இன்றி வளர்ந்துவிடும் குழந்தைகள் பலர். வேறு சில குழந்தைகளுக்கோ முதல் வலிப்பு ஒரு நீண்ட துன்பத்தின் தொடக்கமாக அமைந்துவிடுகிறது. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே காணப்படும் இவற்றைப் பிரித்தறிந்து, ஒவ்வொன்றுக்கும் உரிய மருந்தைத் தேர்ந்தெடுப்பது எளிதான செயலன்று. ஒரு குழந்தையின் வலிப்பைத் தணிக்கும் மருந்தே மற்றொரு குழந்தையின் வலிப்பை மிகுவிப்பதும் உண்டு. இதற்குக் காரணம் யாது என்னும் வினா மருத்துவ உலகில் பல்லாண்டுகள் விடையின்றி இருந்தது. அதற்குச் சுண்டெலிகளைக் கொண்டு விடை காணப்பட்ட வரலாறு அறிந்துகொள்ளத்தக்கதாகும்.

டிராவே நோய்

1978ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவரான ஷார்லட் டிராவே என்னும் அம்மையார், குழந்தைகளைத் தாக்கும் ஒரு கடுமையான வலிப்பு நோயைத் தனியாகப் பிரித்து விவரித்தார். பின்னர் அந்நோய் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. பிறந்து 5 முதல் 8 மாதங்கள் வரை எக்குறையுமின்றி வளர்ந்த குழந்தைக்குத் திடீரெனக் காய்ச்சலுடன் முதல் வலிப்பு வருகிறது. அது நெடுநேரம் நீடிக்கிறது. சில வேளைகளில் உடலின் ஒரு பக்கத்தை மட்டும் பற்றுகிறது. பிறகு காய்ச்சல் இல்லாதபோதும் வலிப்புகள் வருகின்றன. இரண்டாம் ஆண்டிலிருந்து பேச்சும் அறிவு வளர்ச்சியும் பின்தங்குகின்றன.

இந்நோய் அரிதானதே. அமெரிக்காவில் 2015இல் வெளியான ஒரு கணக்கின்படி, சுமார் 15,700 குழந்தைகளுள் ஒரு குழந்தைக்கு இது காணப்படுகிறது. எனினும், மரபியல் ஆராய்ச்சிக்கு இதுபோல் வழிகாட்டிய வலிப்பு நோய்கள் மிகச் சிலவே.

ஜீனில் நேர்ந்த பழுது

2001ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டின் ஆண்ட்வெர்ப் நகர ஆராய்ச்சியாளர்கள் இந்நோயுற்ற 7 குழந்தைகளைப் பரிசோதித்தனர். எழுவரிடமும் 'எஸ்.சி.என்.1.ஏ.' எனப்படும் ஜீனில் பழுது இருந்தது. அவர்களுடைய பெற்றோரிடம் அப்பழுது இல்லை. அதாவது, அது பரம்பரையாக வந்ததன்று. குழந்தை உருவாகும் காலத்தில் புதிதாக நேர்ந்தது.

நரம்பணுவின் மேலுறையில் சோடியம் அயனிகளை உள்ளே விடும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவை திறக்கும்போது நரம்பணுவில் மின்துடிப்பு எழுகிறது. இவ்வாயில்களுள் ஒரு வகையை அமைக்கும் கட்டளை மேற்கூறிய ஜீனில் அடங்கியுள்ளது. ஒவ்வொருவரிடமும் அந்த ஜீனின் இரு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று பழுதுற்றால் நல்ல வாயில்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும்.

இங்கே ஒரு புதிர் எழுந்தது. வலிப்பு என்பது மூளையில் மின்துடிப்புகள் அளவுமீறி எழுவதாகும். ஃபெனிடாயின், கார்பமசெபைன், லாமோட்ரிஜின் போன்ற மருந்துகள் சோடியம் வாயில்களை அடக்கியே வலிப்பைத் தணிக்கின்றன. அங்ஙனமாயின், வாயில்கள் குறைந்த குழந்தைக்கு வலிப்பும் குறையவேண்டுமன்றோ? உண்மையில் நேர்ந்ததோ அதற்கு மாறானது. லாமோட்ரிஜின் இந்நோயை மேலும் கடுமையாக்குகிறது என்பதை மருத்துவர்கள் 1998இலேயே கண்டு வெளியிட்டிருந்தனர். ஏன் என்பது மட்டும் விளங்கவில்லை. உயிருள்ள குழந்தையின் மூளையைத் திறந்து தனித்தனி நரம்பணுக்களை ஆராய இயலாது. எனவே ஆராய்ச்சியாளர்கள் மாதிரி விலங்குகளை நாடினர்.

சுண்டெலி அளித்த விடை

2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் காட்டெரால் என்பவரின் குழுவினர், அதே ஜீனில் பழுதுடைய சுண்டெலிகளை உருவாக்கி ஆராய்ந்தனர். இரு பிரதிகளும் பழுதுற்ற சுண்டெலிகள் 15ஆம் நாளில் இறந்தன. ஒரு பிரதி மட்டும் பழுதுற்றவற்றிற்கு 3 வார வயதிலிருந்து குழந்தைகளுக்கு வருவது போன்றே வலிப்புகள் வந்தன.

மூளையில் இருவகை நரம்பணுக்கள் உண்டு. ஒரு வகை பிற அணுக்களைத் தூண்டுவது. மற்றொரு வகை அடக்குவது. வண்டி மாட்டிற்கு மூக்கணாங்கயிறு எத்தகையதோ, மூளைக்கு அடக்கும் அணுக்கள் அத்தகையவை. சுண்டெலிகளை ஆராய்ந்தபோது, தூண்டும் அணுக்களில் சோடியம் மின்னோட்டம் குறையாதிருந்தது. அடக்கும் அணுக்களிலோ மிகவும் குறைந்திருந்தது. 2007இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களும் அவ்வகை வாயில்கள் அடக்கும் அணுக்களிலேயே மிகுதியாக இருத்தலைக் காட்டினர்.

இதனால் புதிர் அவிழ்ந்தது. இந்நோயில் மாடு மிரண்டதன்று குற்றம். கயிறு தளர்ந்ததே குற்றம். சோடியம் வாயில்களை அடக்கும் மருந்து, முன்னரே தளர்ந்த கயிற்றை மேலும் தளர்த்துகிறது. ஆதலால் டிராவே நோயுற்ற குழந்தைகளுக்கு அத்தகைய மருந்துகளை நாள்தோறும் கொடுப்பது தவிர்க்கப்படுகிறது. வேறு பல வலிப்பு நோய்களில் அவை இன்றும் நல்ல பயன் தருபவையே.

2009இல் இச்சுண்டெலிகளின் உடல் வெப்பம் படிப்படியாக உயர்த்தப்பட்டது. 17 அல்லது 18 நாள் வயதில் வலிப்பு வரவில்லை. 20 நாட்களுக்குப் பின் வந்தது. காய்ச்சலில் வலிப்பு எழுவதும், முதல் சில மாதங்கள் குழந்தை நலமாக இருப்பதும் இதனால் ஓரளவு தெளிவாயின. மேலும், ஒரே பழுது ஓரினச் சுண்டெலியில் கடுமையாகவும் மற்றோரினத்தில் மென்மையாகவும் இருந்தது. ஏனைய ஜீன்களும் நோயின் கடுமையை மாற்றுகின்றன என்பது இதிலிருந்து பெறப்படும்.

மருந்தைத் தேடும் முயற்சி

கங்கைச் சமவெளியின் நீர்நிலைகளில் இயற்கையாக வாழும் ஜீப்ரா மீனும் இவ்வாராய்ச்சிக்குப் பயன்பட்டுள்ளது. 2013இல் கலிபோர்னியாவில், இதற்கு ஒப்பான பழுதுடைய மீன்குஞ்சுகளின் நீரில் 320 மருந்துப் பொருள்கள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. ஒவ்வாமைக்கெனப் பழங்காலத்தில் வழங்கப்பட்ட கிளெமிசோல் என்னும் மருந்து அவற்றின் வலிப்பை அடக்கிற்று. 2020இல் மற்றொரு குழுவினர், பழுதுறாத பிரதியிலிருந்து மிகுதியான புரதத்தைப் பெறச்செய்யும் ஒரு மருந்தைச் சுண்டெலிக் குஞ்சுகளுக்கு ஒருமுறை செலுத்தினர். 90ஆம் நாளில் அவற்றில் 97 சதவீதம் உயிருடன் இருந்தன. மருந்து பெறாதவற்றில் 23 சதவீதமே எஞ்சின. எனினும் சுண்டெலி குழந்தையன்று. விலங்கில் பலித்தது மனிதரிடமும் பலிக்குமா என்பதை முறையான மருத்துவச் சோதனைகளே முடிவு செய்யவேண்டும். நம் நாட்டில் விலங்குகளைக் கொண்டு நடைபெறும் சோதனைகள் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட விதிகளுக்கு உட்பட்டவை.

களப்பணியாளரும் ஆசிரியரும் அறியவேண்டுவன

தடுப்பூசி போட்ட பின் வரும் காய்ச்சலில் இந்நோயின் முதல் வலிப்பு எழக்கூடும். பழி ஊசியின்மேல் விழும். 2006இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள், தடுப்பூசியால் மூளை பாதிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட 14 பேரைப் பரிசோதித்தபோது, 11 பேரிடம் இதே ஜீனின் பழுது காணப்பட்டது. நோயின் வேர் ஊசியில் இல்லை என்பதைப் பெற்றோருக்குப் பொறுமையுடன் எடுத்துரைத்தல் களப்பணியாளரின் கடமையாகும். தாயின் குற்றத்தாலோ, முன்வினையாலோ, தொற்றாலோ இந்நோய் வருவதில்லை என்பதையும் தெளிவாகக் கூறவேண்டும்.

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சலுடன் நெடுநேர வலிப்பு மீண்டும் மீண்டும் வருமாயின், நரம்பியல் நிபுணரிடம் அனுப்புதல் வேண்டும். வலிப்பு எந்த வயதில் வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, காய்ச்சல் இருந்ததா, எந்த மருந்துக்குப் பின் மிகுந்தது என்னும் குறிப்புகள் மருத்துவருக்குப் பேருதவியாகும். ஆயினும் எம்மருந்தையும் மருத்துவரைக் கேளாது நிறுத்துதல் ஆபத்தானது.

வகுப்பில் ஒரு மாணவனுக்கு வலிப்பு வந்தால், அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்து உடையைத் தளர்த்தி, நேரத்தைக் குறித்துக்கொள்ளவேண்டும். கையில் இரும்பைத் திணித்தலும், வாயில் கரண்டியையோ நீரையோ இடுதலும் கூடா. 5 நிமிடங்களுக்குமேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும். தெளிந்தெழும் மாணவன் முதலில் காண்பது ஆசிரியரின் முகத்தையே. அதில் அச்சமோ அருவருப்போ இல்லாதிருக்குமாயின், மற்ற மாணவரும் அவனை அவ்வாறே ஏற்றுக்கொள்வர்.