வெள்ளையடிப்புக்கும் வர்ணப் பூச்சுக்கும் ஏற்ற கருவிகள்

விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் கிராமங்களில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் வெள்ளையடிக்கும் வேலை தொடங்கிவிடும். பொங்கலுக்கு முன் வீடு, மாட்டுத் தொழுவம், தானிய அறை ஆகிய மூன்றையும் சுத்தம் செய்வது நெடுநாளைய வழக்கம். இது அழகுக்காக மட்டும் செய்யப்படுவதன்று. வெடிப்புகளை அடைத்து வெள்ளையடித்த தானிய அறையில் வண்டுகள் ஒளிந்திருக்க இடம் குறைகிறது. ஆனால் சுண்ணாம்புக்கும் பெயிண்டுக்கும் தாராளமாகச் செலவு செய்பவர்கள்கூடக் கருவிகளில் சிக்கனம் பார்க்கின்றனர். இதனால் பூச்சு சீக்கிரம் உதிர்கிறது. சில வேளைகளில் உடலுக்கும் ஆபத்து நேர்கிறது.

சுரண்டும் கருவிகள்

பழைய பூச்சு உதிரும் இடங்களை முதலில் சுரண்டி எடுக்க வேண்டும். சுவருக்குப் பட்டித் தகடும், துருப்பிடித்த ஜன்னல் கம்பிக்குக் கம்பி பிரஷ்ஷும் ஏற்றவை. உப்புத்தாள் வாங்கும்போது அதன் பின்புறம் உள்ள எண்ணைக் கவனிக்க வேண்டும். எண் குறைந்தால் தாள் சொரசொரப்பாகவும், கூடினால் மழமழப்பாகவும் இருக்கும். பழைய பெயிண்டைத் தேய்க்க 80-ஆம் எண்ணும், கடைசிப் பூச்சுக்கு முன் 220-க்கு மேற்பட்ட எண்ணும் போதுமானவை.

பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும். வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசு விதி 2017 நவம்பர் முதல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய கதவுகளை உலர்ந்த நிலையில் தேய்க்காமல், தண்ணீரில் நனைத்து, தண்ணீரில் தேய்க்கும் தாளால் தேய்க்க வேண்டும். ஈயத் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உதிர்ந்த சில்லுகளை மாடு நக்கினால் அதற்கும் நஞ்சாகும். தொழுவத்தில் அவற்றைக் கூட்டி அள்ளி அப்புறப்படுத்திய பிறகே மாட்டைக் கட்ட வேண்டும்.

மட்டையா, பிரஷ்ஷா?

சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. விலங்கு மயிரால் செய்த பிரஷ்ஷை அது அரித்துவிடும். எனவே வெள்ளையடிக்கத் தாவர நாரால் செய்த மட்டையோ நைலான் பிரஷ்ஷோ போதும். எண்ணெய்ப் பெயிண்டுக்கு மயிர் பிரஷ் சிறந்தது. தண்ணீரில் கரையும் எமல்ஷனுக்கு நைலான் பிரஷ் ஏற்றது. மயிர் பிரஷ் தண்ணீரில் ஊறித் தளர்ந்துவிடும்.

சுவருக்கு 4 அங்குலம், கதவுக்கு 2 அங்குலம், ஜன்னல் கம்பிக்கு 1 அங்குலம் என மூன்று அளவுகள் இருந்தால் ஒரு வீட்டுக்குப் போதும். கடையிலேயே பிரஷ்ஷை உள்ளங்கையில் அழுத்திப் பார்த்து, மெதுவாக இழுக்க வேண்டும். மயிர் கையோடு வந்தால் அந்தப் பிரஷ் வேண்டாம். பெரிய சுவர்களுக்கு எமல்ஷன் அடிக்க ரோலர் வேலையைக் குறைக்கும். வழுவழுப்பான சுவருக்குக் குட்டை ரோமமும், சொரசொரப்பான சுவருக்கு நீண்ட ரோமமும் உள்ள ரோலர் தேவை.

சுண்ணாம்பு தாளிக்கும் முறை

ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு ஏறக்குறைய 5 லிட்டர் தண்ணீர் தேவைப்படும். தண்ணீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீரைக் கொட்டக் கூடாது. அது கொதித்துத் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகும்; அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும். இரும்புப் பீப்பாயே நல்லது. 24 மணி நேரம் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டி, பசை கலந்து பயன்படுத்தலாம்.

சிவகாசிப் பகுதியின் வறண்ட காற்று தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்கள் வளர உதவியது. பெயிண்ட் உலரவும் அது நல்லதே. ஆனால் சுண்ணாம்பு இறுகுவதற்கு ஈரம் தேவை. காய்ந்த சுவர் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் சுண்ணாம்பு மாவாகிக் கையில் ஒட்டும். எனவே சுவரை முதலில் நனைத்து, வெயில் படாத வேளையில் அடிப்பது நல்லது.

கண்ணாடி அணியாமல் சுண்ணாம்பைக் கிளறவே கூடாது. கண்ணில் பட்டால் கசக்காமல், ஒட்டிய துணுக்குகளை அகற்றி, சுத்தமான தண்ணீரால் குறைந்தது 20 நிமிடங்கள் தொடர்ந்து கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எண்ணெய் விடுவது தவறு.

பட்டாசு வட்டாரத்தாருக்கு

பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்கள் கூடுதலாக இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். மருந்துத் தூள் படிந்த பழந்துணியைப் பெயிண்ட் துடைக்கப் பயன்படுத்தக் கூடாது. நைட்ரேட் உப்பும் எண்ணெயும் சேர்ந்தால் எளிதில் தீப்பற்றும். மருந்து வந்த காலி டப்பாக்களும் பெயிண்ட் கலக்க ஏற்றவையல்ல. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அதனை வெளியில் விரித்துக் காயவிட வேண்டும்.

ஏணியும் பராமரிப்பும்

ஏணியை 4 அடி உயரத்துக்கு அதன் அடிப்பகுதி சுவரிலிருந்து 1 அடி தள்ளி இருக்குமாறு சாத்த வேண்டும். மின்கம்பி உள்ள பக்கம் அலுமினிய ஏணி வேண்டாம். காய்ந்த மூங்கில் ஏணி மேலானது.

வேலை முடிந்ததும் எண்ணெய்ப் பெயிண்ட் பிரஷ்ஷை டர்பன்டைனிலும், மற்றவற்றைத் தண்ணீரிலும் கழுவித் தொங்கவிட வேண்டும். இவ்வாறு பேணினால் நல்ல பிரஷ் ஒன்று பல பொங்கல்களுக்கு உதவும்.