இறக்குவதற்கு முன் கேஜ் மாட்டச் சொல்லுங்கள்

"கியர்பாக்ஸ் போயிடுச்சு சார், இறக்கித்தான் பார்க்கணும்." ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களில் பலர் இதைக் கேட்டதுமே தலையாட்டிவிடுகிறார்கள். ரேஸ் ஏறுகிறது, வண்டி நகரவில்லை. அல்லது 'டி'யில் போட்டால் ஓரிரு நொடி யோசித்து உதறிக்கொண்டு கிளம்புகிறது. இதை வைத்து மட்டும் கியர்பாக்ஸுக்கு முடிவுகட்ட முடியாது. "ஆயில் பிரஷர் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள்.

டார்க் கன்வர்ட்டர் வகையில் கிளட்சுகளை இறுக்கிப் பிடிப்பதே அந்த பிரஷர்தான். பல மாடல்களில் கியர்பாக்ஸின் வெளிப்பக்கத்தில் இதை அளக்கவென்றே ஒரு சிறு துளை, பிளக் போட்டு அடைத்திருக்கும். அதைக் கழற்றி, 300 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜை ஹோஸோடு மாட்டுவார்கள். ஆயில் அளவு சரியாக இருக்க வேண்டும்; வண்டி ஓடி ஆயில் சூடாகியிருக்க வேண்டும். ஐட்லிங்கில் 'டி', 'ஆர்' இரண்டிலும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிட வேண்டும். 'ஆர்'இல் கூடுதலாகக் காட்டுவது பெரும்பாலும் இயல்புதான்.

எல்லா நிலையிலும் பிரஷர் குறைவென்றால் பம்ப், அடைபட்ட ஃபில்டர், ரெகுலேட்டர் வால்வு ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். ஏதோ ஒரு நிலையில் மட்டும் குறைந்தால் அந்தக் கிளட்சுக்குப் போகும் வழியில் சீல் கசியலாம். பிரஷர் சரியாக இருந்தும் வண்டி நழுவினால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கலாம்; அப்போது இறக்கச் சொல்வதில் நியாயம் உண்டு. பல மாடல்களில் ஃபில்டரையும் சொலினாய்டையும் கியர்பாக்ஸை இறக்காமல், ஆயில் பேனைக் கழற்றியே மாற்றிவிடலாம். இறக்கிப் பார்க்கும் வேலைக்கும் இதற்கும் செலவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

சிவிடி வண்டியென்றால் இந்த 300 பிஎஸ்ஐ கேஜைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது. 800 பிஎஸ்ஐ தாண்டும் மாடல்கள் உண்டு. ஹோஸ் வெடித்தால் கொதிக்கும் ஆயில் முகத்தில் அடிக்கும். ஏஎம்டி என்பது உள்ளே மேனுவல் கியர்பாக்ஸ்தான், இந்த டெஸ்ட் அதற்குப் பொருந்தாது. பிரேக்கை மிதித்தபடி முழு ரேஸ் கொடுக்கும் ஸ்டால் டெஸ்டை வீட்டு வாசலில் நீங்களே செய்து பார்க்க வேண்டாம். ஐந்து நொடிக்கு மேல் நீண்டாலே ஆயில் கருகும். பிரேக் நழுவினால் எதிரே நிற்பவர் கதி அவ்வளவுதான்.

ரீடிங்கை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். எஸ்டிமேட் கையில் வராமல் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். "பில் போட்டா ஜிஎஸ்டி ஆகும் சார்" என்ற சலுகைப் பேச்சில் மயங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிக நடைமுறை. தவறாக வேலை பார்த்தாலோ, மாற்றாத பாகத்துக்குக் காசு வாங்கினாலோ முதலில் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கி வையுங்கள். வேறொரு மெக்கானிக் பார்த்துக் கருத்து எழுதித் தர அவை வேண்டியிருக்கும்.